கடலூரில் சுற்றுச்சூழல் அறிவியல் நடத்தப் போகும் புதிய ஆசிரியருக்கு

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேதியியலில் முதுகலை முடித்தவர். கடலூர் அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். மூத்தவர்கள் யாரும் எடுக்க விரும்பாத சுற்றுச்சூழல் அறிவியல் பாடத்தை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். நல்ல நோட்ஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். நோட்ஸ் எந்த ஜெராக்ஸ் கடையிலும் கிடைக்கும். உங்கள் கேள்வி அது இல்லை. கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியிருப்பதுதான் கேள்வி. வகுப்பில் ஒரு பையனின் அப்பா சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்க்கிறார். இன்னொருவனின் அப்பா உப்பனாற்றில் வலை போடுகிறார். இவர்கள் முன்னால் மாசு என்ற பேச்சை எடுக்கலாமா, இல்லை ஓசோன் படலம், பனிக்கரடி என்று தொலைவில் இருப்பதைப் பேசியே செமஸ்டரை ஓட்டிவிடலாமா?

எடுங்கள். நீதிபோதனையாக எடுக்காமல், கணக்காக எடுங்கள். எவ்வளவு, எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது, அளந்தது யார், எந்த முறையில் அளந்தார்கள் என்ற கேள்விகளோடு வகுப்பு நகர்ந்தால் எந்த அப்பாவையும் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்காது. நான் வேதிப் பொறியியல் படித்தவன். சில ஆண்டுகள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு ஆசிரியப் பணிக்கு வந்து, இந்தப் பாடத்தைத் தொடர்ந்து நடத்திவருகிறேன். நீர், காற்று, சட்டம் ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை ஓரளவு நம்பலாம். பல்லுயிர்ப் பகுதியில் என் அறிவு புத்தக அறிவுதான். அதற்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையிலேயே இருக்கிறது. அங்கிருந்து ஒருவரை ஒரு மணி நேரத்துக்கு அழைத்து வந்தால், நான் ஒரு யூனிட் முழுக்கப் பேசுவதைவிட நன்றாக இருக்கும்.

இந்தப் பாடம் எப்படிப் பாடத்திட்டத்துக்குள் வந்தது என்று மாணவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். அதுவே ஒரு நல்ல பாடம். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22 அன்று சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளி, கல்லூரிகளில் கட்டாயமாக்கச் சொன்னது. உத்தரவு பல ஆண்டுகள் தூங்கியது. 2003இல் நீதிமன்றம் மறுபடி தட்டி எழுப்பிய பிறகுதான் வேகம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றைத் தந்தது. அதில் 50 வகுப்புகள். நூறு மதிப்பெண்ணில் 25 களப்பணிக்கு. பொறியியலுக்குள் வரும்போது களப்பணி கரைந்துபோய்விட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் 3 கிரெடிட்டாக இருந்தது, 2021இல் பெயரில் நீடித்த நிலைத்தன்மையைச் சேர்த்துக்கொண்டு 2 கிரெடிட்டாகச் சுருங்கியது. பெயர் நீண்டது, நேரம் குறைந்தது. ஆகவே உங்களுக்குக் கிடைப்பது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அதற்குள் எல்லாவற்றையும் தொடுவதைவிட மூன்று நான்கு விஷயங்களில் ஆழமாக இறங்குவதே நல்லது.

முதலாவதாக நான் பரிந்துரைப்பது, உங்கள் கைக்கு மிக அருகில் இருக்கும் ஒன்று: தண்ணீரின் உப்பில் இருக்கும் குளோரைடு. முதலாமாண்டு வேதியியல் ஆய்வகத்தில் கடினத்தன்மை, காரத்தன்மை, வின்க்ளர் முறையில் கரைந்த ஆக்சிஜன், சில்வர் நைட்ரேட் கொண்டு குளோரைடு எல்லாம் மாணவர்கள் ஏற்கெனவே செய்திருப்பார்கள். செய்தார்கள், ரெக்கார்டில் எழுதினார்கள், மறந்தார்கள். அதே ப்யூரெட்டை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இந்த முறை மாதிரி அவரவர் வீட்டு போர்வெல்லிலிருந்து வரட்டும். கடலூர் முதுநகர், திருப்பாதிரிப்புலியூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று கடலிலிருந்து உள்நோக்கிப் போகும் வரிசையில் உங்கள் வகுப்பிலேயே பிள்ளைகள் இருப்பார்கள். பாகூர், அரியாங்குப்பம் பக்கத்திலிருந்து வருபவர்களும் இருந்தால் இன்னும் நல்லது. கிணற்றின் ஆழம், வீடு கடலிலிருந்து எத்தனை கிலோமீட்டர், பக்கத்தில் செப்டிக் டேங்க் எவ்வளவு தூரம் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

இனி கணக்கு. கடல்நீரில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்கது என்று சொல்வது 250. வேறு வழியே இல்லாத இடத்தில் 1,000 வரை அனுமதிக்கிறது. நல்ல தண்ணீரில் நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே 190 கூடிவிடும். நூற்றில் ஐந்து பங்கு கலந்தால் கடைசி வரம்பை ஏறத்தாழ எட்டிவிடும். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போது பின்வரிசையில் அமர்ந்திருப்பவனும் நிமிர்ந்து பார்ப்பான், ஏனென்றால் அவன் வீட்டில் ஆர்.ஓ. எந்திரம் எதற்கு வந்தது என்று அவனுக்கு இப்போதுதான் விளங்குகிறது. அடுத்து கைபன்–ஹெர்ட்ஸ்பெர்க் விகிதம். நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும். உப்புநீரைவிட நன்னீரின் அடர்த்தி நாற்பதில் ஒரு பங்கு குறைவு என்பதால் வரும் எளிய சமநிலை இது. மேலே அரை மீட்டர் இறங்கினால், கீழே உப்பு 20 மீட்டர் ஏறி வரும். மோட்டார் ஓட்டுகிறவருக்குத் தெரிவது அந்த அரை மீட்டர் மட்டும்தான்.

இங்கேதான் உறுதியானதையும் ஐயமானதையும் பிரித்துக்காட்ட வேண்டும். அடர்த்தி வேறுபாடு உறுதி. கடற்கரையில் அளவு மீறி நீர் இறைத்தால் உப்பு உள்ளே வரும் என்பதும் உறுதி. ஆனால் ஒரு குறிப்பிட்ட கிணற்றில் குளோரைடு 600 வந்தால் அது கடலிலிருந்துதான் வந்தது என்று சொல்லிவிட முடியாது. செப்டிக் டேங்க் கசிவும் குளோரைடைக் கூட்டும். பழைய உவர்ப் படிவங்களும் கூட்டும். நைட்ரேட்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால் கழிவுநீர்ப் பக்கம் சந்தேகம் சாயலாம், அதுவும் சந்தேகம்தான். அந்த 40 என்ற எண்ணும் ஒரே சீரான மணல் படுகைக்கு உரியது. நம் பகுதியில் களிமண் அடுக்குகள் நடுவே குறுக்கிடும்போது கணக்கு மாறும். ‘எனக்கு எண் தெரியும், காரணம் இன்னும் தெரியாது’ என்று ஒரு மாணவன் அறிக்கையில் எழுதினால் முழு மதிப்பெண் போடுங்கள்.

இரண்டாவது, ஆக்சிஜன். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் அதிகபட்சம் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும். சாதாரண வீட்டுச் சாக்கடை நீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது அதிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு லிட்டரின் பசியைத் தீர்க்க 33 லிட்டர் ஆற்றுநீரில் இருக்கும் ஆக்சிஜன் முழுவதும் வேண்டும். பிறகு, அரசு வகுத்த பொதுத் தரநிலையை எடுங்கள்: உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுக்கு இந்த அளவு 30, கடலில் விடுவதற்கு 100. ஒரே தொழிற்சாலை, ஒரே கழிவு, இரண்டு எண்கள். ஏன் என்று கேட்டுவிட்டு பேசாமல் நில்லுங்கள். கடல் பெரிது, கலந்துவிடும் என்பார்கள். அப்படியானால் உப்பனாறு ஆறா, கடலா? ஓதம் ஏறும்போது தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது? இதற்கு விடை உங்களிடம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பையன் ஒருவன் எழுந்து சொல்வான். அன்றைக்கு அந்த வகுப்பில் அவன்தான் நிபுணன்.

இயந்திரவியல் மாணவர்களிடம் இதை ப்ளோயரோடு, அதாவது காற்றை ஊதும் எந்திரத்தோடு, சேர்த்துச் சொல்லுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றேற்றத் தொட்டியில் நுண்ணுயிர்கள் உயிரோடு வேலை செய்ய வேண்டுமானால் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். நிலையத்தின் மின்கட்டணத்தில் பாதிக்கு மேல் பெரும்பாலும் இந்தக் காற்றை ஊதுவதற்கே போகிறது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரவு ஷிஃப்டில் ப்ளோயரை நிறுத்திவிடுவார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. மேலாளருக்கு மின்கட்டணத்தில் ஓர் இலக்கு. ஆபரேட்டருக்கு மேலாளரின் முகம். காலையில் தொட்டி கறுத்து நாறும். அதைத் தேற்றப் பல நாட்கள் பிடிக்கும். அதற்குள் வெளியே போனது போனதுதான். உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன்களில் சிலர் நாளை பராமரிப்புப் பொறியாளர்களாக அந்த ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறார்கள். ப்ளோயரை மாறுவேக இயக்கியோடு இணைத்து, ஆக்சிஜன் அளவுக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் கட்டணமும் குறையும், நுண்ணுயிரும் சாகாது. மின்கட்டண ரசீதைக் காட்டி வாதாடத் தெரிந்த பொறியாளரின் பேச்சைத்தான் மேலாளர் காதில் போட்டுக்கொள்வார்.

நெய்வேலிச் சுரங்கத்தை வைத்து ஒரு மணி நேர வகுப்பை எளிதாக நடத்தலாம். அங்கே வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். ஒரு கிலோ எரித்தால் கிடைப்பது சுமார் 2,500 கிலோ கலோரி. அதற்குள் இருக்கும் அரைக் கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 270 போய்விடும். வெப்ப இயக்கவியல் ஆசிரியர் நடத்தியது இங்கே புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது என்று காட்டலாம். சுரங்கத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரடுக்கை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை மேலே பிதுங்காமல் இருக்கும் என்பது கட்டடவியல்காரர்களுக்கு.

இப்போது நீங்கள் பயப்படும் சிப்காட்டுக்கு வருகிறேன். பொதுவெளியில் இருக்கும் உண்மைகளே வகுப்புக்குப் போதும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாடெங்கும் 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, நூற்றுக்கு 70க்கு மேல் பெற்ற 43 இடங்களைக் கடுமையாக மாசடைந்தவை என்றது. கடலூர் பெற்றது 77.45. அந்தத் தசமப் புள்ளிகளைப் பார்த்து மாணவர்கள் மயங்கிவிடக் கூடாது; அது காற்று, நீர், நிலம் ஆகியவற்றுக்குத் தனித்தனியாகப் புள்ளி போட்டு ஒரு சூத்திரத்தில் சேர்த்து வந்த எண். வாரியமே பிறகு அந்தச் சூத்திரத்தைத் திருத்தியது. 77க்கும் 75க்கும் உள்ள வேறுபாட்டில் பொருள் தேட வேண்டாம், 77க்கும் 40க்கும் உள்ள வேறுபாட்டில் தேடலாம். அடுத்தது, 2004 முதல் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் சமூகக் கண்காணிப்பாளர்களாகச் சேர்ந்து, எந்த நேரம், எந்தத் திசைக் காற்று, என்ன நாற்றம் என்று குறித்துவைத்தார்கள். வாளியும் பையும் கொண்ட எளிய கருவியால் காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அளவியல் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மனித மூக்கு நல்ல கருவியா? ஹைட்ரஜன் சல்பைடை நூறு கோடியில் சில பங்கு இருக்கும்போதே மூக்கு கண்டுபிடித்துவிடும். பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டினால் மோப்பம் மரத்துப்போய்விடும். ஆளைக் கொல்லும் அளவை நெருங்கும்போது நாற்றம் நின்றுவிடும். கார்பன் மோனாக்சைடு எந்த அளவிலும் தெரியாது. நாற்றம் இருப்பதற்கும் ஆபத்து இருப்பதற்கும் இடையே நேர்கோடு கிடையாது என்பதை ஒரு மாணவன் புரிந்துகொண்டால், ஊர்க்காரர் சொல்வதை அலட்சியமும் செய்ய மாட்டான், அப்படியே ஒப்பிக்கவும் மாட்டான்.

காற்றில் வேதிப்பொருள் இருந்ததா என்பது அளந்தால் தெரியும். ஒருவருடைய நோய்க்கு அதுதான் காரணமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பல ஆண்டுகள், பல ஆயிரம் பேர், ஒப்பிட வேறோர் ஊர் எல்லாம் வேண்டும். வகுப்பில் இந்த இரண்டையும் கலக்க விடாதீர்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லி விவாதம் நடத்தாதீர்கள். செயல்முறையைச் சொல்லி நடத்துங்கள். மாணவர்களை பாட்டிலோடு தொழிற்சாலைக் குழாய் முனைக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். பாதுகாப்பும் இல்லை, அப்படி எடுத்த மாதிரி எந்த இடத்திலும் செல்லுபடியாவதும் இல்லை. அதற்குப் பதிலாக, அபாயகரக் கழிவு உண்டாக்கும் ஆலைகள் வாயிலில் வைத்திருக்க வேண்டிய விவரப் பலகையைச் சாலையில் நின்றே படிக்கலாம். உச்ச நீதிமன்றத்தின் 2003ஆம் ஆண்டு உத்தரவை ஒட்டி வந்தது அது. அந்தப் பலகையில் அலகுகள் சரியாக இருக்கின்றனவா, தேதி எப்போதையது என்று பார்க்கச் சொன்னாலே அரை மணி நேரம் பேசுவார்கள். சிப்காட்டில் வேலை பார்க்கும் அப்பாக்களைப் பற்றிக் கவலை வேண்டாம். முகக்கவசம் எப்போது மாற்ற வேண்டும், எந்த வால்வு அடிக்கடி கசியும் என்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மகனோ மகளோ கேட்டால் சொல்வார்கள்.

ஐயத்தைக் கற்றுக்கொடுக்க நம் மாவட்டத்திலேயே ஓர் அருமையான வழக்கு இருக்கிறது. 2004 சுனாமியில் அலையாத்திக் காடும் கரையோர மரங்களும் ஊர்களைக் காப்பாற்றின என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். கடலூர்க் கரையை வைத்தே 2005இல் வெளிவந்த ஆய்வுகள் அதைத்தான் சொல்லின. 2006இல் வேறு சில ஆய்வாளர்கள் பரங்கிப்பேட்டைப் பகுதி ஊர்களின் தரவை மறுபடி எடுத்து ஆராய்ந்தார்கள். சேதம் குறைந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்தவை; தூரத்தையும் உயரத்தையும் கழித்துவிட்டால் மரங்களின் பங்கு என்று சொல்ல மிச்சம் அதிகம் இல்லை என்றார்கள். அதற்கு மறுப்பு வந்தது, மறுப்புக்கு மறுப்பும் வந்தது. பிச்சாவரம் அலையாத்திக் காடு பயனற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. மீன்குஞ்சு வளர்வதற்கும் கரை அரிக்காமல் இருப்பதற்கும் சாதாரண அலையைத் தணிப்பதற்கும் அது உதவுகிறது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. 2022 முதல் அது ராம்சர் ஈரநிலம், அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலில் இருப்பது. சுனாமி அளவுக்கு உயர்ந்த அலையைப் பற்றிய கேள்வியில் மட்டும்தான் வாதம். நமக்குப் பிடித்த முடிவைத் தரும் தரவைத்தான் இன்னும் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

புதுச்சேரிக் கடற்கரையும் அதே வகை. ஆண்டில் பெரும்பகுதி மணல் நம் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்ச காலம் திரும்பி வருகிறது. 1980களில் அரியாங்குப்பத்தாற்று முகத்தில் துறைமுகத்துக்காகப் போட்ட கல்சுவர்கள் அந்த மணலைத் தெற்கிலேயே நிறுத்திவிட்டன. வடக்கே நகரத்தின் மணற்கரை போய்க் கருங்கல் கரை வந்தது. கல் கொட்டக் கொட்ட அரிப்பு இன்னும் வடக்கே, தமிழ்நாட்டு மீனவ ஊர்களுக்கு நகர்ந்தது. ஆண்டுக்கு எத்தனை கன மீட்டர் என்பதில் மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடும். மொத்தத்தில் மணல் எந்தத் திசையில் போகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 2018இல் செயற்கைப் பவளத்திட்டு போல ஓர் ஆப்பு வடிவ எஃகு அமைப்பைக் கடலுக்குள் இறக்கினார்கள், நகரத்தின் முன்னால் மணல் திரும்பியது. ஆனால் துறைமுகத்தில் தூர்வாரிய மணலையும் கரையில் சேர்த்தார்கள். எது எவ்வளவு காரணம்? சுனாமிக் கேள்வியின் அதே வடிவம் என்பதை மாணவர்களே கண்டுபிடித்தால் நீங்கள் நடத்தியது பலித்தது என்று பொருள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், துறைமுகத்தின் இருபுறமும் நின்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். செலவு டிக்கெட் மட்டும்.

கணினி அறிவியல்காரர்கள் தங்களுக்கு இதில் என்ன என்பார்கள். காற்றில் மிதக்கும் தூசை அளக்கும் மலிவான துகள் உணரி ஒன்றை வாங்கி ஜன்னலில் வைக்கச் சொல்லுங்கள். ஈரப்பதம் மிகுந்த நம் கடலோர விடியற்காலையில் அது காட்டும் எண் எகிறும், ஏனென்றால் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிவிடுகின்றன, ஒளிச்சிதறலை அளக்கும் கருவி ஏமாறுகிறது. ஈரப்பதத்தைக் கொண்டு அந்த எண்ணைத் திருத்தும் நிரலை எழுதுவது அவர்கள் வேலை.

தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். வினாத்தாள் இன்னும் வரையறைகளைத்தான் அதிகம் கேட்கிறது, பிள்ளைகளுக்கு அரியர் விழுந்தால் உங்கள் புதுமை எல்லாம் வசைதான் வாங்கும். ஒவ்வொரு யூனிட்டின் கடைசி வகுப்பையும் பழைய வினாக்களுக்கு ஒதுக்கிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம், போபாலுக்குப் பிறகு வந்த 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். ஏற்கெனவே பலகையைப் படித்தவனுக்கு அது சீக்கிரம் ஏறும். குளோரைடு அறிக்கையை இன்டர்னல் மதிப்பெண்ணில் சேர்க்க முடியுமா என்று துறைத்தலைவரிடம் செமஸ்டர் தொடங்கும் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குளோரைடு சோதனைக்கு வேண்டிய சில்வர் நைட்ரேட் விலை அதிகம். அதனால் 50 மில்லிக்குப் பதிலாக 10 மில்லி மாதிரி எடுத்து, சிறிய ப்யூரெட்டில் செய்யச் சொல்லுங்கள். துல்லியம் சற்றுக் குறையும். எவ்வளவு குறைகிறது என்பதை மும்முறை செய்து அவர்களே கணக்கிடட்டும். சோதனை முடிந்ததை நிறமாற்றத்தால் காட்டும் காட்டியாகப் பயன்படும் பொட்டாசியம் குரோமேட் ஆறு இணைதிறன் குரோமியம், நச்சு. வீழ்படிவில் வெள்ளி இருக்கிறது. இரண்டையும் சிங்க்கில் ஊற்ற விடாமல், பெயர் ஒட்டிய ஒரு கேனில் சேர்த்து வையுங்கள். கேன் நிறைந்ததும் அதை யாரிடம் ஒப்படைப்பது என்று உங்கள் ஆய்வக உதவியாளரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்; பல கல்லூரிகளில் அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.